அமராவதி நேர்ந்த பறவைக்காவடி

நிலாவுக்குப் போய் வந்த குகதாசனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. தெரியாது என்பதும் பிழை. தெரிந்துதான் இருந்தது, இப்போது முடியாது. ஏறி நாலு மிதி மிதித்தால் வீதி இடப்பக்கம் சரியும், வாய்க்கால் எழும்பி மேலே வரும், அடுத்த கணம் மனுசன் நாயுண்ணிப் பற்றைக்குள் கிடப்பார். தூக்கி விடுகிற பள்ளிப் பிள்ளைகளிடம், "தரையிறக்கம் கொஞ்சம் பிழைச்சுப்போச்சு" என்பார். சிரிக்கிறவர்களில் முதல் ஆள் அவர்தான். ஒன்பதாம் வாய்க்கால் குடியிருப்பில் மூன்றாம் வகுப்புக் குஞ்சுகள்கூடப் பரந்தன் சந்திவரை சைக்கிளில் போய் வருகிற இந்தக் காலத்தில், இருபது வருடம் விண்கலம் ஓட்டிய மனுசன் அந்தச் சந்திக்கு நடந்துதான் போய் வருகிறார்.

நிலாவுக்குப் போனதில் என்ன பெரிய புதினம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பளையில் வீட்டுக்கு ஒருவர் அங்கே சுரங்கத்தில் வேலை. முன்னொரு காலத்தில் சனம் கட்டாருக்கும் குவைத்துக்கும் போனது மாதிரி இப்போது இரண்டு வருட ஒப்பந்தத்தில் நிலாவுக்குப் போகிறது. நாயாற்றுக்குக் கிழக்கே கடலில் மிதக்கிற ஏவுமேடையிலிருந்து கிழமைக்கு இரண்டு கலம் கிளம்பும். அந்த நேரம் வலை போட விடுகிறார்கள் இல்லை என்று மீன்பிடிச் சனம் திட்டித் தீர்க்கும். மற்றப்படி அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. ஆனால் போவது வேறு, ஓட்டுவது வேறு. ஆசனத்தில் இருந்து நித்திரை கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். கூட்டு விண்காவற்படையில் கலம் ஓட்டியாகப் போனது இந்தக் குடியிருப்பில் குகதாசன் ஒருவர்தான்.

நாற்பத்தைந்து வயதில் படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. உள்காது பழுது. நிமிர்ந்து நின்றால் தலை சுற்றும், திரும்பினால் இன்னும் சுற்றும். இப்போது ஐம்பத்திரண்டு. எலும்புக்கு ஒரு குளிசை, பிரசருக்கு ஒரு குளிசை, இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு குளிசை. வாசிக்க ஒரு கண்ணாடி, தூரம் பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டையும் எங்கே வைத்தேன் என்று கேட்க மனைவி ஜெயரூபி. அவர் கணித ரீச்சர். "சந்திரனில கல்லுக்குக் கல்லு வழி தெரிஞ்ச ஆளுக்கு அலுமாரிக்குள்ள சேட்டு எங்க கிடக்கெண்டு தெரியேல்லை" என்று பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது நாளுக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார்.

ஆனால் குகதாசன் சலித்துக்கொண்டு இருந்த ஆள் என்று நினைத்துவிடாதேங்கோ. கோப்பைக்குள் ஊற்றிய தேத்தண்ணி கோப்பைக்குள்ளேயே கிடக்கிறதே, இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற ஆள் அவர். சோற்றைக் குழைத்து வாயில் வைப்பதற்குள் அது பறந்து போகாமல் இருப்பதற்கே நன்றி சொல்லுவார். அம்மா விட்டுப்போன மூன்று ஏக்கர் வயலில், வரம்பில் ஊன்றுதடியோடு நின்று, மழை மேலிருந்து கீழே விழுவதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நிற்பார். விசர் என்று சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தப் பத்தொன்பது மணித்தியாலம். நாற்பத்தொரு வயதில், அதாவது பதினொரு வருடம் மூன்று மாதத்துக்கு முந்தி ஒரு மார்கழியில், அவர் இன்னும் இரண்டு பேரோடு போன காவற்கலத்தில் புளியங்கொட்டை அளவான ஒரு கல் வந்து அடித்தது. தானே ஓடுகிற கருவி செத்தது. வானொலி செத்தது. பத்தொன்பது மணித்தியாலம் பூமிக்கு ஒரு சத்தமும் இல்லை. குகதாசன் கையால் பிடித்து, கண்ணால் அடிவானத்தைப் பார்த்து, கலத்தை அரபிக்கடலில் கொண்டுவந்து இறக்கினார். மூன்று பேருக்கும் கீறல்கூட இல்லை. பதக்கம் தந்தார்கள். அது இப்போதும் அலுமாரிக்குள் சேட்டுகளுக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது.

சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா என்றாலும் பிரதம விருந்தினர் அவர்தான். ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி, இருந்துகொண்டே அந்தக் கதையைச் சொல்லுவார். கடைசியில், "கையை நம்புங்கோ, பிள்ளையள். என்னைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கைதான்" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். பிள்ளைகள் கை தட்டும். ஜெயரூபி பின் வரிசையில் இருந்து கொட்டாவி விடுவார், இருபதாம் தரமும் அதே கதை கேட்டால் பாவம் என்ன செய்வது.

இனி அமராவதிக்கு வருவோம். குகதாசனின் குடும்பம் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தது. அமராவதியின் பூட்டன் மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, கூலிக்கு நின்று, தலைமுறை கடந்து இரண்டு ஏக்கர் எடுத்த குடும்பம். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரம்பு. அமராவதிக்கு ஐம்பத்தாறு வயது. குகதாசனைத் தம்பி என்பார், அவர் அக்கா என்பார். களை பிடுங்குகிற நாளில் இவருடைய அம்மாவும் அமராவதியும் ஒன்றாகத்தான் வயலில் இறங்குவார்கள். அம்மா போய் எட்டு வருடம். அதற்குப் பிறகும் வரம்பு கட்டுகிற வேலையில் இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரித்தான்.

அந்த அமராவதிக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு நாள் இரண்டு நாளில் போனதில்லை, பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வாசற்படி ஏற முகம் சுருங்கும். நாற்று மூட்டையைத் தூக்கி வந்த மனுசி கிணற்றடிக்குப் போக வேலியைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார். ஜெயரூபிதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் நிரோஜா இந்தக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை, ஜெயரூபியிடம் கணக்குப் படித்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முழங்காலையும் மாற்றவேண்டும் என்று மாசிக் கடைசியில் ஒரு திகதி போட்டுக் கொடுத்தார். அமராவதி தலையாட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து ஆளே தனியாக பஸ்ஸில் போய், திகதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நிரோஜா ஜெயரூபிக்கு அழைப்பு எடுத்தார். "ரீச்சர், அவா இனியும் முழங்காலில குத்திக்கொண்டிருந்தால் எலும்பு தேஞ்சு, பிறகு என்ன மாத்தினாலும் நடக்க மாட்டா. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கோ."

ஜெயரூபி பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஆகவே சொல்லப் போனது குகதாசன். நன்றாக ஏசிவிட்டு வரவேண்டும் என்று தடியை ஊன்றிக்கொண்டு கோபமாகத்தான் போனார். அமராவதி குசினி வாசலில் இருந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் பிள்ளை தந்த திகதியை ஏனக்கா வேண்டாம் எண்டனீங்கள்?"

"பங்குனி உத்தரம் முடியட்டும் தம்பி."

"உத்தரத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அடி அழிக்கவேணும்."

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். கோயிலின் வெளிவீதியைப் பெண்கள் சுற்றி வருகிற ஒரு முறை இது. ஈரச் சேலையோடு முழங்காலில் விழுந்து, நெற்றி மண்ணில் பட, கையை முன்னுக்கு நீட்டவேண்டும். கைபட்ட இடத்தில் எழும்பி நின்று மறுபடி விழவேண்டும். அப்படியே வீதி முழுக்க. பங்குனி வெயிலில், சுடுமண்ணில்.

"இந்த முழங்காலோடயோ?" என்றார் குகதாசன். தலை சுற்றும் என்று அவர் திருவிழாக் கூட்டத்துக்குப் போவதில்லை.

"இது இருக்கேக்கதானே அழிக்கலாம். மாத்தினாப் பிறகு குத்தி இருக்கக்கூடாதாம். டொக்டர் பிள்ளைதான் சொன்னது."

"ஒரு வருசம் போகாட்டி முருகன் என்ன, உங்கட பேரை வெட்டிப்போடுவாரோ?"

அமராவதி சுளகை மடியில் வைத்தார். "என்ர நேர்த்தி எண்டால் எப்பவோ விட்டிருப்பன் தம்பி."

"ஆரின்ர நேர்த்தி?"

"உங்கட."

குகதாசனுக்கு விளங்கவில்லை. தடியை ஊன்றியபடி நின்றார். தலை சுற்றுகிறதா என்று ஒரு கணம் யோசித்தார். இல்லை, நிலம் நிலமாகத்தான் கிடந்தது.

"அண்டைக்கு நானும் உங்கட அம்மாவும் வயலில களை பிடுங்கிக்கொண்டு நிண்டனாங்கள்" என்று அமராவதி மெதுவாகத் தொடங்கினார். "உங்கட கலத்தில இருந்து ஒரு கதையும் இல்லை எண்டு ரேடியோவில சொன்னது. அம்மா வரம்பில இருந்திட்டா. அழவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. ஜெயரூபித் தங்கச்சி கொழும்பில. ஆரோ ஒராள் சாமியிட்டச் சொல்லத்தானே வேணும்? நான் சேத்துக் காலோட கோயிலுக்கு ஓடினன். கதவு பூட்டு. வெளியில நிண்டு சொன்னன், முருகா, தம்பி உயிரோட வந்தால் உனக்குப் பறவைக்காவடி எடுப்பார் எண்டு."

"நான் எடுப்பன் எண்டு?"

"ஓம்."

"பாற்செம்பு எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா. ஒரு செம்பைத் தலையில வச்சு நடந்திருப்பன்."

"சொல்லியிருக்கலாம்தான். பறக்கிற ஆள் எண்ட நினைப்பில வாயில அதுதான் வந்தது. சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க ஏலுமே?"

பறவைக்காவடி என்றால் விளையாட்டில்லை. முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, கயிறு கட்டி, உழவு இயந்திரத்தில் பூட்டிய மரத்தில் ஆளைக் குப்புறத் தொங்கவிடுவார்கள். ஆள் பறவை மாதிரி வீதி சுற்றி வரவேண்டும். வேறொருவர் பெயரில் அதை நேர்ந்துவிடுவது எங்கள் சனத்துக்கு மட்டும் வரக்கூடிய துணிச்சல். நேர்கிறவர் ஒருவர், தொங்குகிறவர் இன்னொருவர்.

முதல் பங்குனிக்கு அவர் விடுமுறையில் வருவார் என்று அமராவதி பார்த்திருந்தார். வரவில்லை. அந்த வருடம் அடி அழித்து, அடுத்த வருடம் வரை பொறுத்துக்கொள் என்று முருகனிடம் கேட்டார். அடுத்த வருடமும் அதே கதை. பிறகு அவர் ஓய்வுபெற்று வந்தபோது நிற்கவே முடியாத ஆளாக வந்தார். "தூக்கிக் கட்டினால் அதிலயே போயிடுவீங்கள் எண்டு நினைச்சன். நேர்த்தி எண்டு சொன்னால் நீங்கள் சிரிப்பீங்கள் எண்டும் நினைச்சன். அதுக்கு நானே சுத்திப்போட்டுப் போகலாம் எண்டு இருந்திட்டன்."

நம்பினால் நம்புங்கள், குகதாசனுக்கு அந்த நேரம் வந்தது கோபம்தான். நன்றி இல்லை. யார் கேட்டது இதையெல்லாம்? கலத்தை இறக்கியது யார்? பத்தொன்பது மணித்தியாலம் கண் வெட்டாமல் கிடந்தது யார்?

"அக்கா, அதைக் கொண்டுவந்து இறக்கினது நான். இந்தக் கை. முருகன் இல்லை" என்றார் சற்றுக் கடுமையாகவே.

"ஓம் தம்பி, நீங்கள்தான். நான் இல்லையெண்டு சொன்னனானே? நீங்கள் செய்த வேலையை நீங்கள் செய்தீங்கள். நான் சொன்ன சொல்லை நான் பாக்கவேணும். அவ்வளவுதான்." சுளகை மறுபடி எடுத்தார். "நேர்த்தி முடியாமல் ஒப்பரேசனுக்குப் போகமாட்டன். போய் வேலையைப் பாருங்கோ."

அன்று பின்னேரம் ஜெயரூபி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். "விசர்க்கதை" என்று முடித்தார். ஜெயரூபி கைப்பையை மேசையில் வைத்தார்.

"அவா ஒவ்வொரு உத்தரத்துக்கும் அடி அழிக்கிறதை நான் கண்டிருக்கிறன். அவான்ர மகளுக்குப் பிள்ளை இல்லை, அதுக்காக்கும் எண்டு நினைச்சன். ஒருக்கா மோர்கூடக் குடுத்தனான்" என்றார்.

அடுத்த நாள் விடிய குகதாசன் கோயிலடிக்குப் போனார். பழக்கம் அப்படி; ஒரு விசயம் உறுத்தினால் அவருக்கு அதை அளக்கவேண்டும். தடியை ஊன்றி வெளிவீதியை எட்டு வைத்து அளந்தார். முந்நூறு மீற்றர் வந்தது. அமராவதி கட்டையான மனுசி. முழங்காலிலிருந்து நீட்டிய விரல் நுனிவரை ஒன்றரை மீற்றர். ஒரு சுற்றுக்கு இருநூறு தரம் விழவேண்டும். ஒவ்வொரு உத்தரத்துக்கும் மூன்று சுற்று. பதினொரு வருடம்.

ஆறாயிரத்து அறுநூறு தரம்.

வடக்கு மூலையில் தேர்முட்டி நிழலில் குந்திவிட்டார். ஒரு தரம் விழுந்து பார்க்கலாம் என்று நினைத்தார். ஒருவரும் இல்லையா என்று பார்த்துவிட்டு முழங்காலை ஊன்றி, நெற்றியை மண்ணில் வைத்து, கையை நீட்டினார். எழும்பினார். மூன்றாம் தரம் எழும்பியபோது வேலி சுழன்றது, கோபுரம் படுத்துவிட்டது. மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பருக்கைக்கல் முழங்காலில் குத்தியிருந்தது. மூன்று தரத்துக்கே இப்படி. கையை நம்புங்கோ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் தனக்கு மட்டும் நடந்த கதை மாதிரி அதைச் சொல்லித் திரிந்திருக்கிறாரே. அதே வருடங்களில் அந்த மனுசி இந்த மண்ணில் முழங்காலைத் தேய்த்திருக்கிறார், ஒரு சொல் சொல்லாமல்.

முருகன் கேட்டாரோ கேட்கவில்லையோ, அது அவருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இந்த வருடம் அமராவதி முழங்காலில் விழக்கூடாது. அது மட்டும் தெரிந்தது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

நேரே நிரோஜாவிடம் போனார். கதையைக் கேட்டுவிட்டு டொக்டர் பிள்ளை பேனையை மூடி வைத்தார்.

"அங்கிள், உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயசு. பிரசர். எலும்பு மெல்லிசு. இரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை போடுறீங்கள். செடில் குத்தினால் இரத்தம் நிக்காது."

"அந்தக் குளிசையை ஒரு கிழமை விடேலாதோ?"

"விடலாம்... ஆனால் தலைசுத்து?"

"பிள்ளை, எங்கட காவற்கலத்தில ஓட்டி கதிரையில இருக்கிறதில்லை. குப்புறக் கிடந்து, கீழ கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டுதான் ஓட்டுறது. இருபது வருசம் அப்பிடிக் கிடந்தனான். எனக்குச் சுத்துறது நிமிந்து நிண்டால்தான்."

நிரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு மறுக்கக் கஷ்டமாகப் போய்விட்டது. கடைசியில் விதிகளை எழுதிக் கொடுத்தார்: செடில் எட்டுக்கு மேல் கூடாது. பாரம் முழுக்கத் தோலில் தொங்காமல் வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டி. ஒரே ஒரு சுற்று. ஏறமுதல் அவரே வந்து பிரசர் பார்ப்பார். நூற்றைம்பதுக்கு மேலே இருந்தால் ஏற்றமுடியாது. இதற்கு மேல் பேச்சில்லை.

செடில் குத்துகிற முத்துலிங்கம் குகதாசனின் முதுகை மாடு வாங்குகிறவர் மாதிரித் தட்டிப் பார்த்தார். தோல் நல்லம் என்றார். பட்டி போட்டால் அது என்ன காவடி என்று முகம் சுளித்தார். ஐயரிடம் கேட்டார்கள். "ஆள் வந்து சேர்ந்தால் முருகனுக்குச் சரி" என்று ஐயர் சொல்லிவிட்டார். குகதாசன் இருபத்தொரு நாள் விரதம் பிடித்தார். மச்ச மாமிசம் இல்லை, ஒரு நேரச் சோறு. "உங்களைக் கல்யாணம் கட்டின இத்தனை வருசத்தில இப்பதான் சொன்ன சொல்லுக் கேக்கிறீங்கள், அதுவும் முருகன்ர" என்றார் ஜெயரூபி. ஆனால் பறவைக்காவடிக்குச் சிவப்பு வேட்டி தேடிக் கிளிநொச்சிக் கடைகள் முழுக்க ஏறி இறங்கியதும் அவர்தான்.

அமராவதி நம்பவில்லை. "நீங்கள் மேல ஏறினதை என்ர கண்ணால கண்டாப் பிறகுதான் நான் விடுவன்" என்றார்.

உத்தரத்தன்று வெயில் எட்டு மணிக்கே கொளுத்தியது. அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. மேளமும் உடுக்குமாக வெளிவீதி நிறைந்துவிட்டது. ஆளில்லாமல் தானே ஓடுகிற இயந்திரங்கள் எத்தனையோ ஊரில் நின்றாலும், காவடிக்கு மனுசன் ஓட்டுகிற பழைய உழவு இயந்திரம்தான் வேண்டும் என்பது கோயில் வழக்கம். அதைக் கழுவி, மாவிலை கட்டி, முன்பக்கம் மரத்தைப் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். அமராவதி ஈரச் சேலையோடு கிழக்கு வாசலில் வந்து நின்றார்.

நிரோஜா பிரசர்ப் பட்டியைக் குகதாசனின் கையில் சுற்றி அமுக்கினார். இலக்கத்தைப் பார்த்தார். "நூற்றெழுபத்தெட்டு. ஏலாது அங்கிள்."

"திரும்பப் பாருங்கோ பிள்ளை."

திரும்பப் பார்த்தார். நூற்றெண்பது. நிரோஜா தலையை ஆட்டினார். ஜெயரூபி குகதாசனின் தோளில் கை வைத்தார். அமராவதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வேலிக் கட்டையைப் பிடித்து மெல்ல இறங்கி, முழங்காலை மண்ணில் ஊன்றினார். எலும்பு நெரிந்த சத்தம் மேளத்துக்கு மேலாகக் குகதாசனுக்குக் கேட்டது. நெற்றியை வைத்தார், கையை நீட்டினார். எழும்ப முடியவில்லை. ஜெயரூபி ஓடிப்போய்த் தாங்கினார்.

"ஒரு பாய் தாங்கோ" என்றார் குகதாசன்.

யாரோ பாய் விரித்தார்கள். அதில் குப்புறப் படுத்தார். கையை இரண்டு பக்கமும் வைத்து, நாடியைப் பாயில் அழுத்தி, மூச்சை எண்ணத் தொடங்கினார். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அந்த மார்கழியில் வானொலி செத்த பிறகு முதல் செய்த வேலை இதுதான். கண்ணைத் திறந்தால் அமராவதியின் முகம் தெரிந்தது. அவரும் மண்ணில், இவரும் மண்ணில், நாலு முழ இடைவெளி.

"அக்கா, இரண்டாம் அடி வையாதேங்கோ. அஞ்சு நிமிசம் பொறுங்கோ."

"நேரம் போகுது தம்பி."

"எனக்காகப் பதினொரு வருசம் பொறுத்தனீங்கள். அஞ்சு நிமிசம்."

அமராவதி வாய்க்குள் ஏதோ சொன்னார். ஆனால் விழவில்லை, ஜெயரூபியின் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தார். நிரோஜா பாயின் பக்கத்தில் குந்தி, கிடந்தவரின் கையில் மறுபடி பட்டியைச் சுற்றினார். நூற்றறுபது. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம். நூற்றைம்பத்திரண்டு. மேளகாரரை நிற்பாட்டச் சொன்னார். அந்த அமைதியில் இன்னொரு தரம்.

"நூற்றுநாற்பத்தாறு" என்றார் நிரோஜா. "இப்பிடியே குத்துங்கோ. எழுப்பாதேங்கோ."

முத்துலிங்கம் கிடந்தபடியே திருநீற்றைப் பூசி, தோலைக் கிள்ளித் தூக்கி, எட்டுச் செடிலும் குத்தினார். நோவு இல்லை என்று சொன்னால் பொய். நல்லாகவே நொந்தது. கயிறு இறுகியது, பட்டி வயிற்றைத் தாங்கியது, மரம் உயர்ந்தது, சனம் அரோகரா என்றது. குகதாசன் பத்தடி உயரத்தில், தலை சுற்றாமல், கை இரண்டும் விரித்தபடி இருந்தார். ஏழு வருடத்தில் முதல் தரம் உலகம் அசையாமல் நின்றது.

ஜெயரூபி கைபிடித்து எழுப்பிவிட்ட அமராவதி முன்னால் நடக்கிற வேகத்தில் உழவு இயந்திரம் ஊர்ந்தது. அவர் ஓட்டிய கலம் ஒன்றரை மணித்தியாலத்தில் பூமியைச் சுற்றிவிடும். இந்த முந்நூறு மீற்றரைச் சுற்ற அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் கீழே வீதி மண்ணைப் பார்த்துக்கொண்டு போனார். கூட்டிப் பெருக்கிய மண், தண்ணீர் தெளித்த மண், தேங்காய்ச் சிதறல். தெற்கு வீதியில் திரும்பும்போது அழுதுவிட்டார். விண்ணில் கண்ணீர் விழாது. கண்ணிலேயே உருண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும், துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். இங்கே அது நேரே கீழே போய் மண்ணில் விழுந்தது. பிறகும் விழுந்தது. நன்றி, நன்றி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை.

கிழக்கு வாசலில் இறக்கினார்கள். நிரோஜா ஒவ்வொரு செடிலும் எடுத்த இடத்தைப் பஞ்சால் அமுக்கினார். இரத்தம் பெரிதாக வரவில்லை. மடத்து நிழலில் பாயில் கிடத்தினார்கள். ஜெயரூபி இளநீரை வாயில் வைத்து, "இந்த வயசில" என்று தொடங்கிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் அவர் முகத்தைத் துடைத்தார்.

அமராவதி கற்பூரத் தட்டோடு காவடிக்கு முன்னால் சுற்று முழுக்க நடந்து வந்தவர். தட்டை வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு பாயின் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் அவருடைய முதுகைப் பார்த்தார்.

"நொந்ததே தம்பி?"

"ஓம் அக்கா."

"மேல இருந்து பாக்க என்ன தெரிஞ்சது?"

குகதாசன் பாயில் கிடந்தபடி முகத்தைத் திருப்பினார்.

"உங்கட உச்சி தெரிஞ்சது. சுத்தி முடியுமட்டும் ஒரே உயரத்தில போச்சு. ஒருக்காலும் மண்ணுக்குப் போகேல்லை."

அமராவதி தூணைப் பிடித்தபடி டொக்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்தத் திகதி இன்னும் கிடக்கோ?"

"மாசித் திகதி போயிட்டுது அன்ரி. வாற வியாழன் ஒண்டு கிடக்கு."

"அப்ப என்ர பேரை எழுதுங்கோ."